தனியாக நடந்து வருபவரும் நமது லயத்து வாசலும்

எமது சங்கக் கிளை உள்ள தோட்டம் ஒன்றில் அண்மையில் நடந்த சம்பவம் இது. தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் தொல்லைப்படப் போவது அந்தக் குடும்பம்தான்.

அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் படங்கைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த நேரம். மழையும் மூட்டமும் ஒன்றாக இறங்கியிருந்தன. மேல் கணக்குப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக இறங்கி வந்தார். முதுகில் அவர் உயரத்துக்கு ஒரு பை. மடுவத்துக்கு மேலே உள்ள மட்டமான இடத்தில் கூடாரம் அடிக்கப் பார்த்திருக்கிறார். வாட்ச்சர் வந்து, இது தோட்டத்து இடம், அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு அது. அடுத்த டவுனுக்கு ஏழு கட்டைக்கு மேலே நடக்க வேண்டும். இருட்டிவிட்டது. லயத்துத் தொங்கல் காம்பராவில் இருக்கும் அம்மாயிதான் முதலில் பேசினார். "யாரு பெத்த புள்ளையோ, இப்படி நனையுது. உள்ள வரச் சொல்லுங்க."

அன்றிரவு அந்தப் பெண் இஸ்தோப்பில் தன்னுடைய பாயை விரித்துப் படுத்தார். காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார், அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், புறப்பட்டுப் போனார். காசு கொடுக்க வந்தபோது வீட்டில் யாரும் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரரைப் பெரட்டில் வைத்தே ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அனுமதியின்றி வெளியாளைத் தோட்டக் குடியிருப்பில் தங்க வைத்ததற்கு விளக்கம் தரவேண்டுமாம். எமது தோட்டத் தலைவரும் மாவட்டப் பிரதிநிதியும் அவரோடு போய்ப் பேசினார்கள். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை அந்தக் கடிதம் வாபஸ் பெறப்படவில்லை.

இது ஒரு தோட்டத்து விவகாரம் என்று விட்டுவிட முடியாது. அந்தப் பெண் நடந்து வந்த பாதை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் உள்ள எத்தனையோ தோட்டங்களின் ஊடாகப் போகிறது. இன்றைக்கு அந்த வாசலில் வந்து நின்றவர் நாளைக்கு நமது வாசலிலும் நிற்பார்.

"பெக்கோ ட்ரெயில்" என்ற பலகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை அது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தேயிலை நூதனசாலைக்குப் பக்கத்தில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று ஏறுகிறது. ஹோர்ட்டன் சமவெளியைத் தொட்டு, உடவேரிய வழியாக அப்புத்தளைக்கு இறங்கி, எல்ல, தெமோதரை, ஹாலிஎல, உடப்புசல்லாவை, கந்தப்பளை எல்லாம் சுற்றிக்கொண்டு நுவரெலியாவில் பீட்ரூ தோட்டத்தருகே முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு நாள் நடை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எயிட் நிறுவனமும் இதற்கு உதவி செய்தன. பாதையை யாரும் புதிதாக வெட்டவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலையை மாட்டு வண்டியிலும் குதிரையிலும் கண்டிக்கு இறக்கிய பழைய தோட்டப் பாதைகளைத்தான் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளைக் கல் உடைத்துப் போட்டவர்கள் யார், கான் வெட்டியவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதில் நடக்க வருபவர்கள் பல விதம். வழிகாட்டியோடு கூட்டமாக ஒரு நாள் நடந்து விட்டு வானில் ஏறிப் போகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று கட்டம் நடந்து ஹோட்டலில் தங்குபவர்கள் உண்டு. முழுப் பாதையையும் தனி ஆளாக நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். கையடக்கத் தொலைபேசியில் வரைபடம், பையில் கூடாரம், படுக்கும் உறை, கொஞ்சம் பாண், கொஞ்சம் பிஸ்கட், தண்ணீரைச் சுத்திகரிக்க ஒரு சின்னக் கருவி. நமது ஆட்கள் சிலர் அவர்களைப் பார்த்து, "லீவு எடுத்துக்கிட்டு வந்து இந்தப் பாடு படணுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிவிட்டு வருகிற ஒருவருக்கு, விருப்பப்பட்டு மலை ஏறுகிற ஆளைப் பார்த்தால் சிரிப்பு வராதா? ஆனால் தனியாக நடக்கிறவரிடம் ஒரு விசேஷம் இருக்கிறது. வானில் வருபவர் நம்மைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கிறார். தனியாக நடப்பவருக்கு வழி தெரியாவிட்டால் நம்மிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீர் முடிந்தால் நமது பீலியில்தான் பிடிக்க வேண்டும். மழை பிடித்தால் நமது இஸ்தோப்பில்தான் ஒதுங்க வேண்டும்.

நடை நமக்குப் புதிதல்ல. 1823 இல் தொடங்கி, காப்பிக் காலம் முழுக்க, நமது முன்னோர்கள் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்தில் விட்டு வரவேண்டியிருந்தது. அந்த நடையை நினைவுகூர்ந்துதான் 2023 இல், 200 வருட நிறைவில், "மாண்புமிகு மலையக மக்கள்" என்ற பெயரில் ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளை வந்து சேர்ந்தார்கள். வழி நெடுகிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்ததை அதில் நடந்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மவர் அந்தக் காலத்தில் கூட்டமாகத்தான் நடந்தார்கள். தனியாக நடக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம், பிடிபட்டால் மறியல். பிறகு "துண்டு" முறை வந்தது. கங்காணியின் கடனைத் தீர்த்து, துரையிடம் துண்டு வாங்காமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கடனோ பெரும்பாலும் தீராது. 1921 இல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்படும்வரை, இதே மலைப் பாதையில் ஒரு தொழிலாளி இருட்டில் தனியாக நடந்து போனால் அதற்கு ஓட்டம் என்று பேர். இன்றைக்கு இந்தப் பாதையில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் தனியாக வந்து நடக்கலாம். நல்லது, நடக்கட்டும். அவருக்கு ஒரு ராத்திரி இடம் கொடுத்தவர் மட்டும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

பாதையில் சொல்லப்படும் கதைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லூல்கந்துரவுக்கு வருகிறவர்கள் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதைப் படித்துவிட்டு வருகிறார்கள். அவர் உட்கார்ந்த கல்லாசனத்தில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். தம்பத்தென்னைக்கு மேலே போனால் லிப்டன் உட்கார்ந்த இடம். துரைமார் உட்கார்ந்த இடமெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்ட பக்கத்தில்தான் முல்லோயா தோட்டமும் இருக்கிறது. சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் விழுந்த மண் அது. கொட்டகலைப் பக்கம் டெவன் நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்கிறவர்களுக்கு, 1977 மே மாதம் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்று அங்கே உயிர் கொடுத்த சிவனு லெட்சுமணனைத் தெரியாது. பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்கு நடக்கிற கட்டத்தில், மடகொம்பரையில் பிறந்து நமது பாடுகளை உலகத்துக்கு எழுதிக் காட்டிய சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்? வருகிறவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழு கடல் தாண்டி வந்து காலால் நடக்கிற ஒருவருக்கு இதையெல்லாம் கேட்க மனம் இருக்கும். சொல்ல ஆள் வேண்டும். சொல்லக்கூடியவர்கள் நமது பிள்ளைகள்.

அங்கேதான் அடுத்த சிக்கல். உயர்தரம் முடித்து, ஆங்கிலமும் ஓரளவு சிங்களமும் தெரிந்த பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். எந்த மலையில் குளவிக்கூடு தொங்குகிறது, எந்தக் குறுக்குப் பாதை மழைக்கு வழுக்கும், எந்தப் பள்ளத்தில் சிறுத்தை நடமாட்டம் என்பது அவர்களுக்கு அத்துபடி. ஆனால் வழிகாட்டியாக வேலை செய்ய உல்லாசப் பயணத்துறை அதிகார சபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நமது டவுன்களுக்குத் தமிழில் வரவேண்டும் என்பது எமது கோரிக்கை. வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து விருந்தினரைத் தங்க வைத்துச் சம்பாதிக்கலாம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். பேச நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பதியப் போனால் இடத்தின் உரித்துக்குப் பத்திரம் கேட்பார்கள். லயக் காம்பராவுக்கு ஏது பத்திரம்? காணி அரசாங்கத்துடையது, 1992 க்குப் பிறகு கம்பனிகளின் கையில். நாலு தலைமுறை இருந்த வீட்டில் நாம் இன்னமும் "குடியிருப்பாளர்". 7 பேர்ச் காணியென்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர், கிடைக்காதவர்கள்தான் அதிகம். காணியும் பத்திரமும் நமது பெயருக்கு வராதவரை, இந்தப் பாதையால் வருகிற வருமானம் பாதையோரத்து பங்களா ஹோட்டல்களோடு நின்றுவிடும். நாம் அந்த ஹோட்டல்களில் துணி வெளுக்கவும் பாத்திரம் கழுவவும் போவோம்.

இன்னொரு கதையும் காதில் விழுந்தது. ஒரு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் இப்படித் தனியாக நடந்து வந்த ஒருவர் கழிவறை எங்கே என்று சைகையில் கேட்டிருக்கிறார். நமது பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மலையைக் காட்டி, "அந்தா, பன்னிரண்டு ஏக்கர் இருக்கு, எங்க வேணும்னாலும் போகச் சொல்லு" என்றார்களாம். அவரும் புரிந்துகொண்டு சிரித்தாராம். அந்த மனிதர் மலையைக் கடக்க அரை மணி நேரம் ஆகும். நமது பெண்கள் காலை ஏழரையிலிருந்து பின்னேரம் நாலரை வரைக்கும், மாதவிலக்கு நாட்களிலும், அங்கேதான் நிற்கிறார்கள். வேலைத் தலத்தில் கழிவறையும் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும் என்று எத்தனை தடவை பேச்சுவார்த்தையில் கேட்டிருப்போம்! நடக்க வருபவர்களுக்காக வழியில் கழிவறைகள் கட்டப்போவதாக இப்போது பேசிக்கொள்கிறார்கள். கட்டட்டும். அதன் சாவி மடுவத்தில் இருக்க வேண்டும். கொழுந்து எடுப்பவர்களும் பாவிக்க வேண்டும். பாதையைத் திருத்தினாலும் இதே கணக்குத்தான். சில இடங்களில் பலகை நட்டு, புல் வெட்டியிருக்கிறார்கள். அதே பாதையில்தான் நமது பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள், பிரசவ வலி வந்த பெண்ணை நாலு பேர் தூக்கிக்கொண்டு லொறி வரும் இடத்துக்கு இறங்குகிறார்கள். திருத்துவதானால் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் துண்டையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அது வரைபடத்தில் இல்லை என்ற பதில் எமக்கு வேண்டாம்.

இனி நமது பக்கத்தையும் கொஞ்சம் பேசுவோம். கோபிக்க வேண்டாம்.

நடந்து வருகிறவர்களுக்குப் பின்னால் ஓடிப் பேனை கேட்கிற, டொபி கேட்கிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். பிள்ளைகள் மீது குற்றமில்லை. முதலில் கொடுத்துப் பழக்கியவர்கள் வந்தவர்கள்தான். ஆனாலும் வீட்டில் சொல்லி நிறுத்துங்கள். பேனை வேண்டுமென்றால் பாடசாலையில் கேட்கட்டும், இல்லாவிட்டால் நாம் பார்த்துக்கொள்வோம். படம் எடுப்பதும் அப்படித்தான். கூடையோடு நிற்கிற நமது பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்கிறார்கள். வேண்டாமென்றால் கையை ஆட்டி வேண்டாமென்று சொல்லுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காசு வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பவர்களைச் சிலர் கேவலமாகப் பேசுவது எமக்கு உடன்பாடில்லை. 2021 இல் 1000 ரூபாவுக்கும் 2024 இல் 1350 ரூபாவுக்கும் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று தெரிந்த யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். பிள்ளைகளை, அதிலும் பீலியில் குளிக்கிற பிள்ளைகளைப் படம் எடுப்பது வேறு விஷயம். யாராக இருந்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

தனியாக வருகிறவர் பெண்ணாக இருந்தால் நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் பின்னால் போவது, கூப்பிடுவது, கூடாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பேச்சுக் கொடுப்பது எல்லாம் விளையாட்டல்ல. ஓர் இடத்தில் அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டோம். மறுநாள் அந்தப் பெண் நடையை நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாராம். நமது தங்கச்சிமார் இருட்டியபிறகு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து நடந்து வரும்போது நமக்கு என்ன பயம் இருக்கிறதோ, அதே பயம்தான் அவருக்கும்.

இருட்டுகிற நேரத்தில் யாராவது கூடாரம் அடிக்க இடம் தேடி நின்றால், கானுக்குக் கீழேயும் மண் சரியும் பக்கத்திலும் அடிக்க விடாதீர்கள். மழைக்கு எந்த மண் இறங்கும் என்பது வரைபடத்தில் தெரியாது, நமக்குத் தெரியும். மானா புல்லுக்குள்ளும் வேண்டாம். கோயில் முற்றமோ, பிள்ளைக் காம்பரா வாசலோ, லயத்துக்குப் பக்கத்து மட்டமோ நல்லது. குளவிக்கூடு உள்ள மரத்தைக் கையோடு காட்டி விடுங்கள். தோட்டத் தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிறகு கடிதம் வந்தால் பேசுவதற்கு அது உதவும்.

நிர்வாகங்களோடு எமக்குச் சண்டை பிடிக்க ஆசையில்லை. தோட்டத்தில் களவு போகிறது, கண்டவர்கள் வருகிறார்கள் என்று அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு தோட்டத்திலும் கூடாரம் அடிக்க ஓர் இடத்தை ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் வருமானத்தையும் அந்தத் தோட்டத்து இளைஞர் சங்கத்திடமோ மாதர் சங்கத்திடமோ கொடுங்கள். வாட்ச்சருக்கும் தொல்லை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி வேறு. மழையில் வந்தவரை உள்ளே கூப்பிடுவதற்கு ஆபீசில் கேட்க வேண்டும் என்றால், அது வீடு இல்லை. அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த கடிதத்தை வாபஸ் வாங்குங்கள். வாங்காவிட்டால் அடுத்த மாதக் கூட்டத்தில் இது முதலாவது விடயமாக இருக்கும், தேவைப்பட்டால் தொழில் திணைக்களத்துக்கும் கொண்டு போவோம்.

கடைசியாக, பாடசாலையில் நடந்த ஒன்று. தரம் 10 வகுப்பில் இந்தப் பாதையைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், நாங்களும் இதுல முழுசா நடக்கலாமா? தனியா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பையன்கள் அதிகமாகச் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை. உடனே அவளுக்கு நல்ல பதிலொன்று எம்மிடம் இருக்கவில்லை. அவளுடைய அம்மா தனியாகக் குவைத்துக்குப் போயிருக்கிறார். அக்கா தனியாகக் கொழும்பில் இருக்கிறாள். வேலைக்கென்றால் நமது பெண்கள் எங்கும் தனியாகப் போகலாம். தான் பிறந்த மலையைச் சும்மா சுற்றிப் பார்க்க அவளைத் தனியாக விட யாருக்கும் மனம் வராது, எமக்கும்தான்.

முதலில் ஒரு கட்டத்தைச் சேர்ந்து நடந்து பார்ப்போம் என்று தீர்மானித்திருக்கிறோம். வருகிற போயா தினத்தில் பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்கு. காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும், மாதர் சங்கத்துச் சகோதரிகளும், ஓய்வு பெற்றவர்களில் பழைய கதை தெரிந்த இரண்டு மூன்று பேரும் கட்டாயம் வரவேண்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள், தேத்தண்ணி சங்கத்துச் செலவு. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறக்க வேண்டாம். பெயர்களைத் தோட்டத் தலைவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அந்த மாணவியின் பெயர் முதலாவதாகப் பதியப்பட்டுவிட்டது. அம்மாயியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பாதித் தூரம் வரைக்கும்.